டிம்மர் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

2 மார்ச் 2025, மாலை. மதுரை திருநகரிலிருந்து ஒருவரின் கேள்வி

புது வீட்டுக்கு ஒயரிங் நடக்கிறது. ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்கும் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்டுக்கொள்ளுங்கள், பாதி வெளிச்சம் என்றால் பாதி கரண்ட்தான், இரண்டு வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார் ஒயரிங் செய்பவர். என் மாமனாரோ, "ரெகுலேட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும், மிச்சம் பெட்டிக்குள்ளேயே எரிந்துபோகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

2 மார்ச், இரவு

ஆளுக்குப் பாதி சரி.

மாமனார் சொல்வது பழைய பெட்டி ரெகுலேட்டர். எண்பதுகளில் எங்கள் வீட்டில் இருந்தது. செங்கல் பருமனுக்குக் கறுப்புப் பெட்டி, ஐந்து எண் போட்ட குமிழ், உள்ளே கம்பிச் சுருள். ஃபேனை இரண்டில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூடு மீட்டரில் ஓடிய கரண்ட்தான். அதனால் அந்தக் காலத்தில் ஃபேனைக் குறைத்து வைத்து ஒரு பைசா மிச்சம் பிடித்திருக்க முடியாது.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் டிம்மர் வேறு ஜாதி. வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதாவது 100 அரை அலைகள். டிம்மருக்குள் டிரையாக் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. ஒவ்வோர் அரை அலையிலும் முன்பகுதியை அடைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் பல்புக்கு விடும். குமிழைத் திருகும்போது எவ்வளவு நேரம் அடைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம். அடைத்த பகுதி எங்கும் சூடாகப் போவதில்லை, மீட்டர் வழியாக அது வருவதே இல்லை. 100 வாட் பல்பு எரியும்போது டிரையாக்கில் வீணாவது ஏறக்குறைய அரை வாட். 1959இல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் இந்த வகை டிம்மரை உருவாக்கினார். ஸ்விட்ச் போர்டுக்குள் அடங்கும் அளவுக்கு அது சிறிதாக முடிந்ததே சூடு குறைந்ததால்தான்.

ஆனால் பாதி வெளிச்சத்துக்குப் பாதி கரண்ட் என்பது குண்டு பல்பில் நடக்காது. அதை வீட்டில் அளந்து பார்த்திருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

3 மார்ச்

நான் டிம்மர் வாங்கியது பில்லுக்காக இல்லை, அம்மாவுக்காக. அம்மாவுக்கு 78 வயது. டிசம்பரில் இடது கண்ணில் கண்புரை எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சில வாரம் எந்த விளக்கைப் போட்டாலும் கண் கூசுகிறது என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விளக்கை அணைத்துவிட்டால் எழுந்து நடக்கத் தடுமாற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் வேண்டியிருந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு டிம்மர் வாங்கி அம்மா அறை போர்டில் மாட்டினேன்.

அதை வைத்துத்தான் அளந்தேன். வழி சுலபம், யாரும் செய்யலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். என் மீட்டரில் 3200. அப்படியானால் 1125ஐ வாட்டால் வகுத்தால் ஒரு மினுக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே எத்தனை விநாடி என்று வந்துவிடும். 100 வாட் என்றால் 11 விநாடிக்குச் சற்று மேல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய விளக்கை மட்டும் எரியவிட்டு, கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நிற்க வேண்டும்.

100 வாட் குண்டு பல்பு, டிம்மர் முழுசாகத் திறந்த நிலை: பத்து மினுக்குக்கு 88 விநாடி.

அதாவது 128 வாட். 100 வாட் பல்பு எப்படி 128 வாட் எடுக்கும்? டிம்மரே 28 வாட் தின்கிறது என்று நினைக்கிறேன். ஆக, மாமனார் சொல்வதில் நான் ஒப்புக்கொண்டதைவிடவும் உண்மை இருக்கிறது.

3 மார்ச், இரவு 11

மேலே எழுதிய கடைசிப் பத்தியை நம்ப வேண்டாம். அந்தச் சின்ன டிம்மருக்குள் 28 வாட் எரிந்தால் பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கும். அது இளஞ்சூடாகத்தான் இருக்கிறது. வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை மறுபடி பார்க்கிறேன்.

5 மார்ச்

கண்டுபிடித்தாகிவிட்டது. இன்வெர்ட்டர். பேட்டரி நிறைந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அறைகளின் ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்தேனே தவிர மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் நினைவுக்கு வரவில்லை. அதையும் இண்டர்நெட் பெட்டியையும் பிடுங்கிவிட்டு நேற்று ராத்திரி மறுபடி அளந்தேன். வெளிச்சத்தை அளக்க, விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, போனை மேஜையில் ஒரே இடத்தில் மல்லாக்க வைத்தேன். கருவி அளவுக்குத் துல்லியம் இருக்காது, ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும்.

100 வாட் பல்பு, முழுசாக: பத்து மினுக்குக்கு 114 விநாடி. 99 வாட். மேஜையில் 148 லக்ஸ்.

அதே பல்பு, கண்ணுக்குப் பாதி என்று தோன்றும்வரை குறைத்து: 212 விநாடி. 53 வாட். மேஜையில் 37 லக்ஸ்.

டிம்மரைக் கழற்றிவிட்டுச் சாதாரண 40 வாட் குண்டு பல்பு: 280 விநாடி. 40 வாட். மேஜையில் 44 லக்ஸ்.

இந்த மூன்றாவது வரியைத்தான் திருநகர்க்காரர் பார்க்க வேண்டும். 53 வாட்டுக்குக் குறைத்த பெரிய பல்பைவிட, 40 வாட் சின்னப் பல்பு அதிக வெளிச்சம் தருகிறது. கரண்ட் பாதியாகக் குறைந்தது உண்மைதான், ஆனால் வெளிச்சம் கால்வாசியாகப் போய்விட்டது.

கண்ணையும் முழுக்க நம்ப முடியாது. நமக்குப் பாதி என்று தோன்றியது உண்மையில் கால்வாசி. இருட்டுக்குத் தகுந்தபடி கண்மணி விரிந்துகொள்வதால் வெளிச்சம் குறைவது நமக்கு முழுசாகத் தெரிவதில்லை.

6 மார்ச்

ஏன் இப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். குண்டு பல்பு என்பது சூட்டில் ஒளிரும் கம்பி. வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது, வெளிச்சம் ஒரு சின்னப் பங்கு. கம்பி எவ்வளவுக்கு வெண்மையாகக் காய்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பங்கு கூடும். டிம்மரால் குறைத்தால் கம்பி ஆறி, செம்மஞ்சளாகிவிடும். அப்போதும் வெப்பம் வந்துகொண்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரிகிற ஒளிதான் முதலில் குறைகிறது.

வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், வாட் பதினைந்து சதவீதம்தான் குறையும். குண்டு பல்புக்கு இது ஏறக்குறையச் சரியான கணக்கு.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இதை எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஊரே விளக்குப் போடும், தோட்டத்து மோட்டார்களும் ஓடும். வோல்ட்டேஜ் இறங்கி, பல்புக்குள் கம்பி மட்டும் மின்மினி மாதிரி சிவந்து நிற்கும். அதன் கீழே உட்கார்ந்து நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். கரண்ட் வந்தும் பயனில்லை என்று அப்பா அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அந்த மாத பில் மட்டும் வெளிச்சம் குறைந்த அளவுக்குக் குறைந்ததே இல்லை.

8 மார்ச்

செல்லூரிலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். மங்கலாக எரிந்தால் பல்பு நெடுநாள் வருமே, அதில் மிச்சம் இல்லையா என்கிறார். வரும், மிக நெடுநாள் வரும். அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் ஒரு குண்டு பல்பு 1901இலிருந்து எரிகிறது. ஆனால் அது தரும் வெளிச்சம் இப்போது 4 வாட் இரவு விளக்கு அளவுக்குத்தான். பத்துப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய குண்டு பல்பின் ஆயுளைக் காப்பாற்ற அதன் விலையைப்போலப் பல மடங்கு கரண்டைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

9 மார்ச், ஞாயிறு

ஒரு திருத்தம். இரண்டாம் தேதி இரவு எழுதியதில், பழைய பெட்டி ரெகுலேட்டரில் ஒரு பைசா மிச்சம் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒருவர், ஓமின் விதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் தம்பி என்று மென்மையாகச் சுட்டிக் காட்டியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

100 வாட் பல்போடு ஒரு கம்பிச் சுருளைத் தொடராகச் சேர்த்து, பல்புக்குப் பாதி வோல்ட்டேஜ் கிடைக்கும்படி வைப்போம். பல்பு எடுப்பது 33 வாட். சுருளும் 33 வாட் எரிக்கும். மொத்தம் 66. ஆக, மீட்டர் 100க்குப் பதில் 66 வேகத்தில்தான் ஓடும். கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே மாதிரி ஓடும் என்பது தவறு. ஆனால் அந்த 66 வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் முழு வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரையாக் டிம்மரில் அதே மங்கலுக்கு 33 வாட் போதும்.

எனவே, திருநகர்க்காரரின் மாமனாரிடம் இதையும் சொல்லிவிடுங்கள். அவர் தொட்டு உணர்ந்த சூடு பொய் இல்லை. மிச்சமே இல்லை என்பது மட்டும்தான் சரியில்லை, அதை நானும் சேர்ந்து சொன்னேன்.

13 மார்ச்

இதுவரை குண்டு பல்பையே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது எத்தனை வீட்டில் குண்டு பல்பு இருக்கிறது? 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு எல்இடி விலை மளமளவென்று இறங்கியது. இன்று பெட்டிக்கடையில்கூட 9 வாட் எல்இடி தொங்குகிறது. அது 60 வாட் குண்டு பல்பைவிட அதிக வெளிச்சம் தரும். திருநகர்க்காரரும் எல்இடிதான் போடப்போகிறார்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். டிம்மர் வாங்கிய அன்று, வீட்டில் இருந்த சாதாரண 9 வாட் எல்இடியையே அதில் மாட்டினேன். குமிழைப் பாதிவரை திருகியும் வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை. அதற்குக் கீழே திருகினால் பல்பு படபடவென்று துடித்தது. இன்னும் கீழே போனால் பட்டென்று அணைந்தது. கூடவே வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். மூன்று வாரத்தில் பல்பு போய்விட்டது. அந்தத் துடிப்பு அம்மாவின் கண்ணுக்கு முன்னைவிடப் பெரிய தொந்தரவு. கூச்சத்தைக் குறைக்கப் போய் அதைக் கூட்டிவிட்டேனே என்று அந்த மூன்று வாரமும் மனம் கேட்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. எல்இடி பல்பின் அடிப்பகுதியில் ஒரு சின்னச் சர்க்யூட் இருக்கிறது. வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் விளக்குச் சில்லுக்கு ஒரே அளவு மின்னோட்டம் போக வேண்டும் என்பதே அதன் வேலை. நாம் டிம்மரால் குறைக்கக் குறைக்க, அது ஈடுகட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். இனி முடியாது என்ற கட்டத்தில் அணையும், உடனே எழும், மறுபடி அணையும். வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களுக்கு இந்தக் குணம் வரம். டிம்மருக்கு இதுவே பகை.

அட்டைப்பெட்டியில் டிம்மபிள் என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். நாட் டிம்மபிள் என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் அதிகம். டியூப் லைட்டையும் சிஎஃப்எல்லையும் டிம்மரில் மாட்டவே வேண்டாம்.

15 மார்ச்

டிம்மருக்கு ஏற்ற 9 வாட் எல்இடி கிடைத்தது, 280 ரூபாய். மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 9 வாட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மினுக்கு வரும், பொறுமை வேண்டும். முழு வெளிச்சத்தில் பத்து மினுக்குக்கு 21 நிமிடம். போன் செயலியில் சரிபாதி வெளிச்சம் காட்டும்படி குறைத்தபோது 36 நிமிடம். அதாவது 5.2 வாட். சரிபாதியான 4.5க்கு இறங்கவில்லை, அந்தச் சர்க்யூட்டுக்கென்று ஒரு சின்னச் செலவு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் குண்டு பல்போடு ஒப்பிட்டால் நாணயமான குறைவு. எல்இடியைப் பொறுத்தவரை ஒயரிங் செய்பவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். தினம் ஐந்து மணி நேரம், இரண்டு மாதம். முழுசாக எரிந்தால் 2.7 யூனிட். பாதியில் எரிந்தால் 1.56. மிச்சம் ஒரு யூனிட்டும் கொசுறும். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு பில்லுக்கு ஆறு ரூபாய். டிம்மரும் பல்பும் சேர்த்து 630 ரூபாய். 105 பில் கட்டினால் போட்ட காசு திரும்பும். பதினேழு வருஷத்துக்கு மேல். இரண்டு வருஷத்தில் திரும்பும் என்ற பேச்சு எல்லா அறையிலும் 100 வாட் எரிந்த காலத்தோடு போயிற்று.

18 மார்ச்

கோபமாக ஒரு பதில் வந்திருக்கிறது. ஆறு ரூபாய் என்று இளக்காரமாகப் பேசாதீர்கள், இந்த ஊரில் ஆறு ரூபாயைப் பார்த்துச் செலவழிக்கிற வீடுகள் இருக்கின்றன என்று. இளக்காரமாக எழுதவில்லை. அந்த ஆறு ரூபாய்க்காக 630 ரூபாயை முதலில் எடுத்து வைக்கச் சொல்கிறார்களே என்பதுதான் என் கவலை.

சிறு வீடுகளுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்வரை கட்டணம் இல்லை. இரண்டு எல்இடி, ஒரு டிவி, ஃபேனைப் பார்த்துப் போடுகிற வீடு அதற்குள்ளேயே இருக்கும். அங்கே டிம்மர் மிச்சம் பிடிப்பது பூஜ்யம்.

மறுபக்கம் 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடுகள். 2022இல் வந்த கட்டண முறைப்படி, 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை கைவிட்டுப் போகும். அந்த ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் கூடக் கட்ட வேண்டிவரும். என் பில் போன வருஷம் ஒரு முறை 506 வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு யூனிட் பெரிய விஷயம். ஆனால் அந்த ஆறையும் விளக்கில் தேடினால் கிடைக்காது, ஃபேனில் தேட வேண்டும்.

19 மார்ச்

ஃபேன் என்றதும் எல்லாரும் அதற்குத் தாவிவிட்டீர்கள். சுருக்கமாக எழுதிவிட்டு விளக்குக்கே வருகிறேன். சாதாரண ஃபேன் 75 வாட். மதுரையில் அது ஓடாத மாதம் மார்கழி மட்டும்தான், அதிலும் பகலில் ஓடும். தினம் 16 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பிரஷ் இல்லாத சிக்கன மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும், 29 யூனிட். ஒரு ஃபேனில் மட்டும் 43 யூனிட் மிச்சம். விளக்கு டிம்மர் பிடித்துக்கொடுத்த ஒரு யூனிட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், வாங்கும்போது பார்த்து வாங்கலாம்.

விளக்கு டிம்மரை ஃபேனுக்கு மாட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். உறுமும், சூடாகும். ஃபேன் ரெகுலேட்டரையும் விளக்குக்கு மாட்ட வேண்டாம்.

26 மார்ச்

நம் எல்லார் வீட்டிலும் ஒரு இரவு விளக்கு இருக்கிறதே, ஜீரோ வாட் பல்பு. சாமி அறையில் சிவப்பு, படுக்கையறையில் நீலம் அல்லது பச்சை. ஜீரோ என்று பெயர் இருப்பதால் கரண்டே எடுக்காது என்று விடிய விடிய எரிய விடுகிறோம். ஊரில் பெரியம்மா வீட்டுப் பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே அளந்தேன். பத்து மினுக்குக்கு 750 விநாடி. பதினைந்து வாட்!

இரவு ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 8 யூனிட். ஹாலில் ஜகஜோதியாக எரியும் 9 வாட் எல்இடியின் கணக்கு 2.7 என்று மேலே பார்த்தோம். மங்கல் விளக்கு பெரிய விளக்கைப்போல மூன்று மடங்கு தின்கிறது. அரை வாட் எல்இடி இரவு விளக்குக்கு மாற்றினால் அதே ஒன்பது மணி நேரத்துக்குக் கால் யூனிட்தான் ஆகும். இந்த இழையைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் இன்று ராத்திரி செய்யுங்கள். பெரியம்மா வீட்டில் இரண்டு பல்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பழைய நீலம் மாதிரி இல்லையே என்று குறைப்பட்டார், அது உண்மைதான்.

2 ஏப்ரல்

போனில் குறைக்கும் பல்பு பற்றி. பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் ஒன்று அனுப்பியிருந்தான். ஸ்விட்சில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும், போனில் தொட்டால் எரியும், தேய்த்தால் மங்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அணைந்திருக்கும்போதும் அது போனின் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு அரை வாட் என்று வைத்தால், தினம் 19 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் அரை யூனிட்டுக்குமேல் ஆகிறது. பாதி வெளிச்சத்தில் மிச்சம் பிடித்த ஒரு யூனிட்டில் பாதி அங்கே போய்விடுகிறது. மேலும், அம்மாவால் போனைத் தடவி விளக்குப் போட முடியாது. "மாமா, அறையை இருட்டாக வைத்திருக்கிறீர்களா?" என்று அவன் அங்கிருந்து கேட்கும்போது சிரிப்பு வருகிறது. பல்பை மாடி அறையில் மாட்டிவிட்டேன்.

7 ஏப்ரல்

பேரையூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார்கள், கரண்டை மிச்சம் பிடிக்க விளக்கைக் குறைத்து வைக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, தயவுசெய்து வேண்டாம். நகக்கண்ணால் துணியைக் கிள்ளி நூல் சுற்றும் வேலை, புள்ளி ஒவ்வொன்றும் கடுகளவு. அதற்கு முழு வெளிச்சம் வேண்டும், அதுவும் மடிக்குப் பக்கத்தில். கூரையில் 20 வாட் டியூப்பை எரியவிடுவதைவிட, துணிக்கு இரண்டடி மேலே ஒரு 5 வாட் விளக்கைக் கம்பியில் தொங்கவிடுங்கள். தூரம் பாதியானால் விழும் வெளிச்சம் நான்கு மடங்கு. கரண்டும் குறையும், கண்ணும் பிழைக்கும். கண்ணைக் கெடுத்துப் பிடிக்கிற மிச்சம் எதற்கு?

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நான் இதுவரை விளக்கை எவ்வளவு குறைக்கலாம் என்றே அளந்துகொண்டிருந்தேன். விளக்கை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

9 ஏப்ரல்

அதன்படி அம்மா அறையை மாற்றினேன். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு அரை வாட் விளக்கு. கண்ணுக்கு நேராக விழாது, கால் வைக்கும் இடம் தெரியும். கூச்சமும் இல்லை. ராத்திரி முழுக்க எரிகிறது. டிம்மரைக் கழற்றிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது கிடக்கட்டும்டா. சாயங்காலம் சாமி கும்பிடும்போது கொஞ்சமா வச்சுக்கிறேன்" என்றார். கழற்றவில்லை. பதினேழு வருஷக் கணக்கை அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

22 ஏப்ரல்

அணைத்த பிறகும் எல்இடி மினுமினுவென்று லேசாக எரிகிறது, பேய் மாதிரி இருக்கிறது, இதுவும் பில்லில் ஏறுமா என்று மேலூரிலிருந்து கேள்வி. ஏறும் அளவு ஒன்றுமில்லை. ஸ்விட்சில் சின்னச் சிவப்பு அடையாள விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்டே எல்இடியை மினுக்க வைக்கப் போதும். ஆனால் அடையாள விளக்கு இல்லாமலும் மினுக்கினால் ஒயரிங் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஸ்விட்சு, கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றும்போது கை பட்டால் அடிக்கும். பில்லைவிட அதுதான் முக்கியம்.

14 மே

அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் நின்று கால் இன்னும் வலிக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் இந்தப் பக்கம் வரவில்லை. தெருவெல்லாம் சீரியல் செட். பழைய செட்டில் இருந்த குட்டிக் குண்டு பல்புகள் இந்த வருஷம் எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, எல்லாம் எல்இடி.

திருநகர்க்காரர் எழுதியிருக்கிறார். மூன்று டிம்மரில் இரண்டை விட்டுவிட்டாராம். படுக்கையறைகளில் ஒரு பெரிய விளக்கு, ஒரு சின்ன விளக்கு, தனித்தனி ஸ்விட்ச். ஹாலில் மட்டும் டிம்மர், அது படம் பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதற்காக. டிம்மபிள் பல்பாகப் பார்த்து வாங்கிவிட்டேன் என்கிறார். ஃபேன் நான்கும் பிஎல்டிசி. மாமனார் 66 வாட் கணக்கைத் தாளில் போட்டுக்காட்டச் சொல்லிப் பார்த்தாராம்.

அவருக்கு ஒரே ஒரு வார்த்தை. சுவர் பூசுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சின்ன விளக்கின் ஸ்விட்சைக் கதவோரப் போர்டில் வைக்காதீர்கள். கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் எட்டும் இடத்தில் வையுங்கள், தரையிலிருந்து இரண்டரை அடிக்குள். எங்கள் வீட்டில் கதவோரம் வைத்துவிட்டு, அம்மாவுக்காகப் போன வாரம் சுவரைக் கொத்தி மாற்றினோம்.